காத்தாயிருக்கும்

அலஸ்தோட்டத்தில் மத்தியானம்.
தகரக் கூரையின் வெக்கை.
ஜன்னலுக்குப் போர்வை கட்டி
கட்டாரால் வந்த யோகநாதன் விற்ற பெட்டியைப் போட்டால்
இருநூறு வருசத்துக்கு அப்பால் ஒரு நகரம்,
எந்நேரமும் மழை.
கண்ணாடிக் கோபுரத்தின் அடியில்
பெயரில்லாத ஒருவன் குந்தியிருப்பான்.
அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியும்.
மூன்று மாதமாய் அந்த முதுகோடு சீவிக்கிறேன்.

தொடக்கத்தில் அவனால் ஒன்றும் ஏலாது.
ஓடினால் இரைக்கும், பாய்ந்தால் சத்தம்.
ஒரே படிக்கட்டில் நாற்பத்தொரு தரம் செத்தான்.
பிறகு புள்ளி சேர்த்தோம்.
முதல் புள்ளிகளுக்குப் பாதத்தில் பஞ்சு வாங்கினேன்.
அடுத்து, சுவருக்கு அப்பால் நிற்பவனின் இதயம்
சிவப்பாய்த் துடிப்பதைக் காணும் கண்.
தோலை இருட்டாக்கும் உடுப்புக்கு
இன்னும் முந்நூறு வேணும்.
"முதலில துவக்கை ஏத்தடா" என்பான் யோகநாதன்.
துவக்கை நான் ஏத்தவில்லை.

அங்கே காவலர்கள் பாவங்கள்.
ஒவ்வொருவன் முகத்துக்கு முன்னாலும்
மஞ்சளாய் ஒரு கூம்பு வெளிச்சம்;
அதற்கு வெளியே அவனுக்கு உலகம் இல்லை.
பத்தடி போவான், திரும்புவான், கொட்டாவி விடுவான்.
போத்தல் ஒன்று உருண்டால்
"ஆரது?" என்பான்.
(அவன் பேசுவது இங்கிலீசு. எனக்குக் கேட்பது இப்படி.)
பத்து எண்ணும் நேரம் தேடுவான்,
பிறகு தனக்குத்தானே
"காத்தாயிருக்கும்."
கட்டடத்துக்குள்ள ஏதடா காத்து என்று
எத்தனை தரம் சிரித்திருப்பேன்.

ஆறரைக்குச் சீருடை.
உப்புவெளியில் கடற்கரை ஹோட்டல், பின்கேற்.
எனக்கு இதுவரை ஏறிய மேம்பாடுகள்:
ஒரு விசில்,
புது பற்றரி போட்ட ரோர்ச்,
அளவு பெரிதான சப்பாத்து.
நான் வருவதை அது சாம்பல்தீவுக்கே சொல்லும்.

சம்பளம் எடுக்க டவுனுக்குப் போனால்
கோட்டை வாசலில் மான்கள்
சென்றியைத் தாண்டி உள்ளே போகும், வெளியே வரும்,
பதுங்காமல்.
அதுகளுக்கு என்ன புள்ளி, ஆர் குடுத்தது?

நேற்று, இரண்டு பத்துக்கு,
நீச்சல்குளத்தில் தண்ணீர் ஒருதரம் அசைந்தது.
மீன் இல்லாத தண்ணீர்.
ரோர்ச்சை நீட்டினேன்.
என் கையிலிருந்து புறப்பட்டது
அதே மஞ்சள் கூம்பு.

ஓரமாய் ஈரக்கால் தடம், ஐந்தோ ஆறோ,
அடுக்கிய சாய்கதிரைகளுக்குப் பின்னால் போய் முடிந்தது.
முன்னால் ஒரு சோடி செருப்பு,
ஒன்றுக்கு நீலவார், மற்றதற்குப் பச்சை.
மெற்றில்டா.
நாளுக்குப் பதினாலு அறை கூட்டி
வெள்ளைக்காரர் நனைத்த துவாய்களைப் பிழிகிறவள்.
வேலையாட்கள் குளத்தில் இறங்கக்கூடாது என்ற பலகையைத்
திங்கட்கிழமைகளில் துடைப்பதும் அவள்தான்.

சுவரைத் துளைக்கும் கண் எனக்கில்லை.
ஆனாலும் தெரிந்தது
முழங்கால் நடுக்கம், பிடித்து வைத்த மூச்சு,
மயிரிலிருந்து கழுத்துக்குள் இறங்கும் குளிர்.
அந்த இருப்பில் எத்தனை பின்னேரம்
நான் இருந்திருக்கிறேன்.

எண்ணினேன்.
ஏழில் ஒரு தும்மல் அமுங்கியது.
எட்டு. ஒன்பது. பத்து.

"காத்தாயிருக்கும்"
கொஞ்சம் கூடவே சத்தம் வைத்துச் சொன்னேன்.
கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது.
ஒரு தென்னோலையும் ஆடவில்லை.

சப்பாத்தை நல்லாய் அடித்து அடித்து
நீண்ட சுற்றால்
முன்கேற் வரை போனேன்.

இன்றைக்கு மத்தியானம்
அதே படிக்கட்டு, அதே மழை.
ஒரு அடி தவறி வைத்துவிட்டேன்.
காவலன் நின்றான், திரும்பினான்,
தேடினான், வழமையைச் சொன்னான்.
சிரிப்பு வரவில்லை.
பொத்தானில் கை வைத்தபடி
அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவனுடைய சப்பாத்தும்
அளவு பெரிதுபோல.