ஒன்றேகால் இஞ்ச்

என் வேலை, ஆகாது என்று சொல்வது.
சிப்காட்டில், ஏசி உறுமும் அறையில்
வால்வைக் கையுறையோடு எடுத்துப் பார்ப்பேன்.
பத்து மைக்ரான் தடித்திருந்தால் சிவப்புச் சீட்டு.
தலைமயிர் ஒன்றை எட்டாய்ப் பிளந்தால்
அதில் ஒரு கீற்று, பத்து மைக்ரான்.

பாகலூர் சாலையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு
இதுவரை யாரும் சீட்டு ஒட்டவில்லை.
ஜன்னலுக்கு அடியில், உள்சுவரை ஒட்டி
நாலடி எட்டு இஞ்ச்.
ஒன்றரை அடி முன்னால் வந்து அளந்தால்
நாலடி ஒன்பதேகால்.
டேப்பை மாற்றியும் அளந்தேன்.
சுவர் சொன்னதையே சொன்னது.

சுவரில் ஆணி கூடாது
என்பது சென்னகேசவலு எழுதிய வாடகைப் பத்திரத்தில் ஏழாவது வரி.
அதனால் எதையும் பிடிக்காமல் நிற்கும் பெட்டி.
மேலே உட்கார, உள்ளே கம்பளி வைக்க.
ஓசூர்க் குளிருக்கு நாலு கம்பளி வேண்டும்.
மற்ற எட்டு மாதமும் அவை கட்டிலில் படுத்திருக்கும்,
நாங்கள் ஓரமாக.

மரம் கம்பெனி ஏலத்தில் எடுத்தது.
ஜெர்மனியிலிருந்து மெஷினைச் சுமந்துவந்த பைன் கூடு,
எடைக்குப் போட்டார்கள்.
ஆணி பிடுங்கவே இரண்டு ஞாயிறு போனது.
பலகையில் கருப்பு மையில்
ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கோப்பை,
மேலே பார்க்கும் இரண்டு அம்பு.

உயரம்?
முனிரத்தினம் நைட் ஷிப்ட் முடித்து
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
போர்வைக்கு வெளியே கிடந்த காலை
குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தேன்.
பதினேழரை.
டேப்பின் சில்லிப்பில் கண் திறக்காமலே கேட்டான்:
"எந்த போல்ட்டு லூஸு?"

ராயக்கோட்டை ரோட்டில், இம்தியாஸ் கடையில்
மூன்று கீல், ஒரு பாக்கெட் ஸ்க்ரூ, உப்புத்தாள்.
"மாட்ட ஆள் அனுப்பவா அக்கா?"
ஆள்தான் வாங்க வந்திருக்கு என்றேன்.

மூடி பாதி திறந்து
ஜன்னலின் கிரானைட் விளிம்பில் முட்டி நின்றது.
அதை மட்டும் அளக்காமல் விட்டிருக்கிறேன்.
வேறு யாராவது செய்திருந்தால்
அந்த இடத்திலேயே சீட்டு ஒட்டியிருப்பேன்.
பின்னால் நாலு விரல் அகலம் அறுத்து
அதை அசையாமல் பதித்து
கீலை முன்னுக்கு இறக்கினேன். திறந்தது.

பிறகு அந்த இடைவெளி.
வலது பக்கம், பின்னால் ஒன்றுமில்லை,
முன்னால் வர வர ஆப்பு வடிவில் வாய் பிளந்து.
முனிரத்தினம் விரலை விட்டுப் பார்த்தான்.
"பெட்டிய கொஞ்சம் சாய்ச்சு அறுத்திருக்கலாமே."

அறுத்திருக்கலாம்.
சுவர் சென்னகேசவலுவுடையது.
பெட்டி எங்களோடு வரும்,
எட்டு வருஷத்தில் இது ஐந்தாவது வீடு.
அடுத்த வீடு எந்தப் பக்கம் கோணலோ.
மூலைமட்டம் வைத்தேன். தொண்ணூறு.
அப்படியே விட்டேன்.

தேஜஸ்வினி உள்ளே இறங்கி
மூடியைத் தலையால் தாங்கிக்கொண்டு கத்தினாள்:
"அம்மா, அம்பு கீழ பாக்குது!
குடை கவுந்திருக்கு!"
பலகையைத் தலைகீழாய் அடித்திருக்கிறேன்.
"இருக்கட்டும்மா. மழை பெஞ்சா ரொம்பும்."

பதினைந்து நாளில் இடைவெளி விழுங்கியவை:
கேஸ் ரசீது, அவள் ரப்பர், இரண்டு ஹேர்பின்,
ஐந்து ரூபாய் ஒன்று.
ஸ்டீல் ஸ்கேலை விட்டுத் தள்ளி எடுக்கிறோம்.
கச்சிதமாக உள்ளே போகிறது ஸ்கேல்.

காலை ஆறே முக்கால்.
அவன் ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறான்,
எனக்கு ஏழு மணிக்குப் பஸ்.
ஒரு டம்ளர் காப்பி, இரண்டு பேர்.
வெளியே பனி. சந்திரசூடேஸ்வரர் மலை
இருக்கிறதா என்றே தெரியவில்லை.
ஷூ லேஸ் கட்டக் குனிகையில் பார்க்கிறேன்:
அவன் குதிகால் இரண்டும் தரையில்,
முழுதாக.
உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.
ஹாரன் கேட்கிறது.
டம்ளரை வாங்கி வைத்துவிட்டு
ஆகாது என்று சொல்லக் கிளம்புகிறேன்.