எந்தப் பக்கம்

சத்துவாச்சாரி கோர்ட்டில்
முதல் நாள், முதல் கேள்வி:
"எந்த ஊரும்மா?"
ஆம்பூர், சார்.
"ஆம்பூர்ல எந்தப் பக்கம்?"

ரயில் பாதைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
அவர் கேட்கவில்லை.
அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்,
மேலே சுற்றிய ஃபேனுக்கும் தெரிந்திருக்கும்.
தோல் ஷாப் பக்கம், சார், என்றேன்.
"ஓ" என்றார்.
அந்த ஒற்றை எழுத்தில்
ஒரு தீர்ப்பின் முழு நகலும் இருந்தது,
கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டாமலே.

அப்பா இருபத்தாறு வருஷம்
சுண்ணாம்புத் தொட்டியில் நின்றார்.
அவர் காலில் ஊறியது
என் கருப்புக் கோட்டில் மணக்கிறதோ என்று
சிலருக்கு இன்னும் சந்தேகம்.
மே மாதத்து வேலூரில்
எல்லாக் கோட்டும் ஒரே நாற்றம்தான் நாறும்.
அந்த ஒரு சமத்துவத்துக்கு
சங்கத்தில் யாரும் தீர்மானம் போட வேண்டியிருக்கவில்லை.

சங்க அறை நாற்காலிகளில்
பெயர் எழுதியிருக்காது.
உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.
"அது சபாபதி சார் சீட்டும்மா."
சபாபதி சார் செத்து மூணு வருஷம்.

"வக்கீல் ஐயா எப்ப வருவாரு?
இன்னாம்மா, நேரமாவுதே"
என்று என்னிடமே கேட்பார் கட்சிக்காரர்,
வக்காலத்தில் என் கையெழுத்து காய்வதற்குள்.

நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
இந்த ஊரைச் சொல்லிச் சிரிப்பார்கள்.
பெண் வக்கீல்களுக்குச் சாவி கிடைக்காத கழிப்பறையையும்
அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இம்தியாஸ், மேல்விஷாரம்.
இடது காலில் இரும்பு, கக்கத்தில் கட்டை.
லிஃப்ட் கெட்டுப்போன பதினோரு நாளும்
இரண்டாம் மாடியில் அவன் வழக்குகளுக்கு
"வக்கீல் ஆஜராகவில்லை."
கழுத்துப் பட்டையோடு, கட்டுகளோடு,
கீழே படிக்கட்டருகே ஆஜராகத்தான் இருந்தான்.
டவாலி மூன்று முறை கூப்பிட்டது
படியிறங்கி அவனிடம் வந்தது.
குரல் வந்தது, கோர்ட் வரவில்லை.
மனு கொடுத்தோம்.
பன்னிரண்டாம் நாள் லிஃப்ட் ஓடியது.
சென்னையிலிருந்து யாரோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார்களாம்.

இதெல்லாம் எனக்கு நடந்தது, எங்களுக்கு நடந்தது
என்று சொல்லத்தான் தொடங்கினேன்.
ஆனால் போன திங்கட்கிழமை
ஒரு பெண் வந்து நின்றாள்.
தோள் தையல் முழங்கைக்கு இறங்கிய கோட்,
எவனோ ஒருவனுக்குத் தைத்தது.
"பவளக்கொடி, மேடம். என்ரோல் ஆகி ஆறு நாள்."
எந்த ஊர்?
"பீஞ்சமந்தை."

பீஞ்சமந்தையில எந்தப்—

நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது அது,
சபாபதி சார் சீட்டில் சபாபதி சார் மாதிரி.
எப்போது என் வாயில் குடியேறியது?
அதற்கு யார் கொடுத்தது வக்காலத்து?

கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது.
பாதி கேட்டுவிட்டேன்.
மீதியை அவளே முடித்துக்கொண்டாள்.
"ஒடுகத்தூர்ல எறங்கி மேல ஏறணும், மேடம்.
மழை பேஞ்சா பஸ் வராது.
அப்ப நடந்துதான் வரணும்."
வழி சொன்னாள்.
நான் கேட்டது வழியை இல்லை என்று
தெரிந்தே சொன்னாள்.
குறுக்கு விசாரணையில்
நான் இப்படித் தோற்றதில்லை.

சபாபதி சார் சீட்டை இழுத்தேன்.
கோட்டுக் கையால் தூசி துடைத்தேன்.
உட்கார், என்றேன்.
பின்னால் யாரோ செருமினார்கள்.
"அது வந்து..."
தெரியும் சார்.

அவள் உட்கார நேரமில்லை.
ஐட்டம் நாற்பத்தேழு.
கட்டைக் கையில் கொடுத்தேன்,
வாய்தா கேட்காதே, நீயே பேசு.
வராந்தாக் கோடியில்
ஊன்றுகட்டையை லிஃப்ட் கதவில் செருகி
இம்தியாஸ் கத்துகிறான்:
"சீக்கிரம் வாங்க,
மறுபடி நின்னுடப் போவுது."