நிறப் புத்தகம்

வரவு கூப்பிடும்போது அப்பாவின் பெயர்தான் முதலில்.
முனியாண்டி நிறோஜினி.
விரிவுரையாளர் முனியாண்டியில் கொஞ்சம் தரிப்பார்.
அதற்குள் பின்வாங்கில் யாரோ இருமுவார்கள்.
தடிமன் இருமல் இல்லை அது.

"நீர் எவ்விடம்?"
கிளிநொச்சி.
"அது தெரியும். கிளிநொச்சியில எங்க?"
பாரதிபுரம்.
"ஓ."

அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி
அறிவியல் நகரில் அறை எடுத்திருக்கிறார்கள்.
நான் வீட்டிலிருந்து சைக்கிளில் வருகிறேன்.
என்னைத்தான் கேட்கிறார்கள்
எங்கிருந்து வந்தனீர் என்று.

ஏழு வயதில்
மாத்தளனில் ஒரு பங்கருக்குள் பதினொரு பேர்.
அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம், மண்விஞ்ஞானம், வெளிக்களம்.
ஒன்றரை மீற்றர் குழி வெட்ட வேணும்.
மண்வெட்டி ஒன்று, மாணவர் இருபத்தாறு,
எல்லாக் கண்ணும் என் பக்கம்.
வெட்டினேன்.
நன்றாகத்தான் வெட்டினேன், அதுதான் கோபம்.

பிறகு நிறப் புத்தகம்.
மண்ணை ஈரமாக்கி, விரலில் உருட்டி,
ஓட்டைக்குக் கீழே பிடித்து
பக்கத்துச் சதுரத்தோடு ஒப்பிட வேண்டும்.
துவாரகன் புத்தகத்தை என் முழங்கையில் வைத்தான்.
"மச்சான், இதுக்கும் ஒரு நம்பர் கிடக்கு!"
சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை மட்டும் இன்னும் துப்ப முடியவில்லை.

வெளிநாட்டிலிருந்து புலமைப்பரிசில்காரர் வந்த நாளில்
"முன்னுக்கு வாரும், நிறோஜினி" என்றார் பீடாதிபதி.
அன்றைக்கு என் பெயர் ஒரு தடக்கலும் இல்லாமல் வந்தது.
படத்தில் எனக்குப் பின்னால் ஆய்வுகூடச் சுவர்.
அதற்குச் சீமெந்து குழைத்தவர்களில்
முனியாண்டியும் ஒருவர்.
அதைப் படத்துக்குக் கீழே போடவில்லை.

அறிக்கையைக் கொடுத்தேன். கூப்பிட்டார்.
"இது நீர்தான் எழுதினதோ?"
ஓம் சேர்.
"ஒருத்தரும் உதவி செய்யேல்லையோ?"
எந்தக் குழுவிலும் என்னைச் சேர்க்கவில்லை சேர்,
யார் உதவுவது,
என்று நான் சொல்லவில்லை.
ஓம் சேர் என்றேன், இன்னொரு முறை.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
தாய்ப்பொருள்.
மற்ற இருபத்தைந்து பேரும் பாறையின் பெயர் போட்டிருந்தார்கள்,
ஒருவரைப் பார்த்து ஒருவர்.
நான் குழிக்குள் இறங்கி நின்று பார்த்தவள்.
உருண்ட கூழாங்கற்கள், நடுவில் ஒரு மணல் வரி.
எழுதினேன்:
இம்மண் இங்கே பிறந்ததல்ல.
ஆறு கொண்டுவந்து போட்டது.
பயிருக்கு உகந்தது.

சரி போட்டிருந்தார்.
அரைப் புள்ளி குறைத்திருந்தார்,
கையெழுத்துக்கு.