ஐந்து ரூபாய் கூடுதல்

திருப்பாதிரிப்புலியூரில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
நான்கு டிவி, ஏழு நாற்காலி,
ஈரம் ஊறி ஊறிச் சுவரில் வரைந்த
பெயரில்லாத ஒரு நாடு.
மணிக்கு நாற்பது ரூபாய்.

போன மாசியில் புது கண்ட்ரோலர் இரண்டு வாங்கினேன்.
சீட்டுப் பணம்.
ஒன்றின் விலையில் பழையது மூன்று வந்திருக்கும் என்று
என் வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார்,
சாப்பிடும்போது மட்டும்.

முதல் வாரம் திருவிழா.
திரையில் தூறினால் உள்ளங்கையில் தூறியது.
வில்லை இழுத்தால்
ஆர்-டூ எதிர்த்துத் தள்ளியது,
அம்பு போனதும்
வட்டி வாங்கிக்கொண்டவன் போல
பேசாமல் விலகியது.
"அக்கா, கை கூசுது!" என்று கத்தினான் கபிலேஷ்.
படிக்கட்டில் செருப்புகள் கூடின.

மூன்றாம் வாரம் அதே கபிலேஷ்:
"எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்கக்கா.
ஓடுறவன் களைச்சா ட்ரிக்கரும் இறுகுது.
அவன் களைச்சா
என் விரல் ஏன் களைக்கணும்?
அதுக்குள்ள கோல் விழுந்துடுது."

அணைத்தேன்.
அணைத்தால் சார்ஜும் நிற்கிறது,
நாலு மணிக்கு எடுத்தது கடை மூடும்வரை.
சொல்லாமல் கரண்டு போகிற தெருவில்
அதுவும் ஒரு நியாயம்தான்.

பிறகு ஒன்றின் ஆர்-டூ தொங்கிவிட்டது.
வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து
நானே திருகுகளைக் கழற்றினேன்.
உள்ளே நகக்கண் அளவு மோட்டார்.
வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பற்சக்கரம்,
ஒரு பல் போயிருந்தது.
ஒரு நெம்புகோல்.
வில்லின் நாணும் துப்பாக்கியின் விசையும்
மலைப்பாதை லாரியின் பிரேக்கும்
இந்த ஒரே நெம்புகோல்.
ஏமாந்ததாகவும் தோன்றவில்லை
வியப்பாகவும் இல்லை.
போன பல்லைத் தேடினேன்.
உள்ளேயே உருண்டுகொண்டிருந்தது.

தேவனாம்பட்டினத்துத் தேசப்பன் வந்தது
மீன்பிடித் தடைக்காலத்தில்,
பகல் இரண்டு மணிக்கு, ஆளில்லாத நேரம்.
உப்பும் நைலான் கயிறும் தேய்த்த கை.
சரியாக இருப்பதைக் கொடுத்து
மழைக் காட்சியைப் போட்டேன்.
"எங்க மழை? எனக்கு வரலையே.
இதுவும் ரிப்பேரா?"

வாங்கிப் பிடித்தேன்.
பெய்துகொண்டுதான் இருந்தது.

சொல்லவில்லை.
ட்ரிக்கரை அழுத்தச் சொன்னேன்.
"ம். இது தெரியுது. பாரம்."
அரை மணி நேரம் எதையும் சுடாமல்
அழுத்தினான், விட்டான், அழுத்தினான்.
"ஆனா கடல்ல கயிறு
இவ்ளோ நேர்மையா இழுக்காதுக்கா."

சரக்கு அனுப்பும் சென்னைக்காரர் போனில் கேட்டார்,
நல்லாயிருக்கா, இன்னும் ரெண்டு அனுப்பவா?
யார் கைக்கு என்றேன்.
லைன் சரியில்லை என்று நினைத்து வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஓர் அட்டை எழுதி ஒட்டினேன்:
அதிர்வு வேண்டுவோர் முன்பே சொல்லவும்.
ஐந்து ரூபாய் கூடுதல்.
பதினொரு நாள் யாரும் கேட்கவில்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட நேரம்.
கபிலேஷ் தனியாக வந்தான்.
நாற்பத்தைந்து ரூபாயை
சில்லறையாக மேசையில் வைத்தான்.
ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை,
அவன் அட்டையைப் பார்க்கவுமில்லை.

பந்து ஆட்டம் போடவில்லை.
திரையில் ஓர் ஆளை மணலில் நடக்கவிட்டான்.
பிறகு சரளை.
பிறகு மரப்பாலம்.
முட்டியளவு தண்ணீர்.
திரும்பி வந்து மறுபடி சரளை.
எங்கிருந்தோ ஒருவன் சுட்டான், ஆள் விழுந்தான்.
முதலிலிருந்து ஆரம்பித்து
மறுபடி மணலில் நடந்தான்.
இரண்டு கையாலும்
கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தான்.

மணி முடிந்து ஆறு நிமிடம் ஆகியும்
நான் குரல் கொடுக்கவில்லை.

அந்தப் பற்சக்கரத்தை உடைத்தது
இவன்தான் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.
கேட்க வேண்டும்.
நேற்று கேட்கவில்லை.