நான்காம் மாடிக் கடல்

வூச் என்ற ஊர்ப்பெயருக்குப் படகு என்று பொருள்.
ஊரில் கண்ணில் படும்படி ஆறு கிடையாது;
இருந்தவற்றையும் ஆலைக்காரர்கள் குழாய்க்குள் மூடித்
தெருவுக்கடியில் அனுப்பிவிட்டார்கள்.
அதனாலோ என்னவோ
டிராம் ஓட்டும் இர்மினா
நான்காம் மாடியில் சொந்தமாக ஒரு கடல் வைத்தாள்.
முன்னூற்றிருபது லிட்டர்.
உப்பு தனி விலை.

கடல், கடன்.
கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு.
இரண்டும் முதல் நாள்
கணுக்காலை மட்டுமே நனைத்தன.

நீல விளக்குக்கு அட்டைக் கடன்.
அட்டைக்கு, கைபேசியில் மூன்று நிமிடக் கடன்.
மூன்று நிமிடக் கடனுக்கு
மூன்று வருடம் வட்டி.
அந்தக் குளிர்காலம் பார்த்து
ஓகுரெக்குக்குச் சர்க்கரை நோய் வந்தது.
ஓகுரெக் பூனை. வெள்ளரிக்காய் என்று அர்த்தம்.
வயது பதின்மூன்று, வலக் காது பாதி,
காலை ஆறுக்கு ஓர் ஊசி, மாலை ஆறுக்கு ஓர் ஊசி.

நகராட்சிக் கட்டடத்தில் புதன்தோறும் இலவச ஆலோசனை.
திரு. வித்தோல்ட் சிவப்புப் பென்சிலைச் சீவி வைத்திருந்தார்.
ஐந்து இடத்தில் பத்தொன்பதாயிரம் ஸ்வோட்டி.
மீன்தொட்டியைச் சுற்றி வட்டம் போட்டார்.
பூனைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.
"வெட்டித்தான் ஆகவேண்டும் அம்மா."

வெட்டச் சம்மதித்தாள்:
சிகரெட்டை, தலைச்சாயத்தை,
ஞாயிற்றுக்கிழமை பீட்சாவை,
அக்காவோடு போவதாக இருந்த பால்டிக் கரையை
(கடல்தான் வீட்டிலேயே இருக்கிறதே),
கடைவாய்ப் பல்லுக்குச் சொல்லியிருந்த உறையைக்கூட.
பூனை என்கிற வரியில் வந்து
வாயை மூடிக்கொண்டாள்.
அவருடைய சட்டைக் கைமடிப்பில்
குட்டையாக, செம்பட்டையாக, ஒரு நாய்முடி.
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவரும் குனிந்து பார்த்தார்.
பிறகு அழிரப்பரைத் தேடினார்.

நீல வால் மீனை மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை.
வளர வளரப் பெரிய கடல் கேட்கிற சாதி அது.
மூடி போட்ட வாளியை மடியில் வைத்து
தான் ஓட்டும் தடத்திலேயே சீட்டு வாங்கி உட்கார்ந்து
ஊர்க்கோடியில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பறையில்
கொண்டுபோய் விட்டாள்.
பல்லைக் காட்டாமல் திரும்பினாள்.

ஒரு சனிக்கிழமை
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
எலும்பு நறுக்கும் கத்தரியை எடுத்து
வித்தோல்ட் சொன்னபடியே வெட்டினாள்,
பவழத்தை.
கட்டைவிரல் நுனியளவு துண்டுகள்.
பீங்கான் வில்லைகளில் பசை வைத்து ஒட்டினாள்.
வெட்டுப்பட்ட இடம் ஆறு வாரத்தில் மூடி
பக்கத்தில் இன்னொரு கிளை விட்டது.
துண்டு அறுபது ஸ்வோட்டி.
போஸ்னானிலிருந்து மாணவர்கள்
தேநீர்க் குடுவையில் வாங்கிக்கொண்டு போனார்கள்.
வட்டிபோலக் குட்டி போடுகிற ஒன்று
முதன்முறையாக
அவள் பக்கம் நின்றது.

சின்னக் கடன் முதலில். பிறகு அதைவிடக் கொஞ்சம் பெரியது.
கிறிஸ்துமஸ் இரவு, புத்தாண்டு இரவு, இரட்டைச் சம்பளம்.
யாருமில்லாத டிராமில் மணியடித்துக்கொண்டே போனாள்.

எல்லாம் ஒழுங்காக நடந்ததாகச் சொல்லமாட்டேன்.
மார்ச்சில் பம்பு நின்றது, ஒரு தவணை தவறியது.
ஏப்ரலில் எங்கோ பார்த்த ஊதாப் பவழமொன்றை
வேண்டாமென்று நாலு தரம் சொல்லி
ஐந்தாம் தரம் வாங்கினாள்.
பல்வலியோடு அதன் முன் உட்கார்ந்து
விடியும்வரை பார்த்தாள்.
வித்தோல்டிடம் அதைச் சொல்லவில்லை.

இன்றைய மீதி நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
மின்கட்டணத்தை எண்ணி
ஒன்பதுக்கே விளக்கணைக்கிறாள்.
பவழங்கள் ஒவ்வொன்றாகக் கை மடக்குகின்றன.
இருட்டில் ஓகுரெக் தொட்டி விளிம்பேறி
கடலில் நாக்கை வைத்து
உப்புக் கரிக்கத் தும்மி
மறுபடியும் வைக்கிறது.
"கடங்காரா, இறங்குடா கீழே"
என்கிறாள்.
இறங்கவில்லை.