ஏழு பெயர்கள்

முந்நூறு குதிரை ஓடும் ஊரில்
ஏழே ஏழு வைத்திருக்கிறேன்,
ரொட்டிக்கடைக் கணக்கு நோட்டின்
கடைசிப் பக்கத்தில்.
மற்றதெல்லாம் எனக்கு வெறும் குளம்புச் சத்தம்.

போர்ட் லூயிஸ். சனிக்கிழமை.
வையாபுரி எட்டு ரேஸிலும் கட்டுகிறான்,
எட்டிலும் ஜாக்கியின் அம்மாவைத் திட்டுகிறான்.
ஐந்துவரை என் கை
பையைவிட்டு வெளியே வரவில்லை.
கட்டாமல் நிற்பதற்குத்தான்
அதிகம் வியர்க்கிறது.

ஆறாவதில் என் நான்காம் பெயர்.
நனைந்த புல் என்றால் பிய்த்துக்கொண்டு போகும்,
உள்வேலி கிடைத்தால் விடாது.
காலையில்தான் மலையிறங்கி மழை வந்து போயிருந்தது.
இருநூறு ரூபாய்.

கடைசி வளைவில் முன்னங்கால் மடங்கியது.
பச்சைத் திரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
"உன் லிஸ்டு!" என்றான் வையாபுரி,
மிளகாய் வடையை மென்றபடி.

விதி நான் எழுதியதுதான்:
ஓடாததை அன்றிரவே அடித்துவிடு.
அடித்தேன்.

பருவக் கணக்கில் இன்னும் நாலாயிரம் லாபம்.
ஐந்தை மட்டும்
நான்கென்று திருத்தவில்லை.