வற்றத்தில் ஒரு தீவு

மனாமாவில் ஆறாவது வருடமாகத்
தீவுகள் விற்கிறேன்.
எனக்குப் பின்னால் சுவரில் ஒரு தென்னை
கடலை நோக்கிச் சாய்ந்தபடி, விழாமல்.
மாலத்தீவு மூன்று இரவு நான்கு பகல்,
லங்காவி, புக்கெட், ஸான்ஸிபார்.
அங்கே போனால் தவறவிடக் கூடாதவை பத்து
என்று பட்டியல் அடிப்பது என் வேலை.
பவளப்பாறை. மலையேற்றம். அருவிக் குளியல்.
சூரிய அஸ்தமனம், இரவு உணவு தனிக் கட்டணம்.
நான் நனைந்ததில்லை.

ஜராதாவுக்குப் போகலாமா என்று கேட்டது
விசா கவுன்ட்டர் மஸ்தூரா.
தலைக்கு ஏழு தினார்,
சனிக்கிழமை, வற்றம் பார்த்துப் படகு.
"அங்க என்ன இருக்கு?"
"ஒண்ணும் இல்ல. அதான்."

துறைக்குப் பெயர் சித்ரா.
யாரோ அக்கா வீட்டுக்குப் போவதுபோல் போனோம்.
லைஃப் ஜாக்கெட்டில் முந்தைய ஆளின் வியர்வை.
மஸ்தூராவின் பையில் எலுமிச்சைச் சோறு.
ஜெயக்கொடி சார் குடை கொண்டுவந்திருந்தார்,
இந்த ஊரில் எந்தக் கடை ஏறி வாங்கினாரோ.
படகுக்காரர் ஹமூத் கைபேசியில் ஓதக் கணக்குப் பார்த்து
மூன்று விரல் காட்டினார்.
மூன்று மணிக்கு மேல் தீவு கிடையாது.
கிடையாது என்றால்?
"பானி ஆயேகா. பஸ்."

அரை மணிநேரம் கரும்பச்சை, பிறகு இளம்பச்சை,
பிறகு தண்ணீர் தன் நிறத்தை மறந்த இடத்தில்
வெள்ளையாக ஒரு முதுகு.
மரம் இல்லை. நிழல் இல்லை.
கழிப்பறை இல்லை, சார் முதலில் கவனித்தது அதைத்தான்.
இந்தக் கரையில் தும்மினால்
அந்தக் கரையில் கேட்கும்.

பழக்கதோஷம், பட்டியல் போட்டேன்.
ஒன்று: குடையை நட்டு
அதன் நிழலோடு நகர்ந்துகொண்டே இருப்பது.
இரண்டு: நடக்கும் சங்கு. கையில் எடுத்தால்
வாடகை பாக்கிக்காரர்போல் உள்ளே ஒளிந்துகொள்கிறது நண்டு.
மூன்று: தொலைவில் எண்ணெய்க் கப்பல்.
அது போய்க் கால்மணி கழித்து
அதன் அலை வந்து என் செருப்பை எடுத்தது.
நான்காவதுக்கு வரும்போது
பட்டியல் நின்றுவிட்டது.

ஜெயக்கொடி சார், கணக்குப் பிரிவு, ஐம்பத்தொன்று,
நீச்சல் தெரியாதவர்,
இடுப்பளவு நீரில் போய் மல்லாந்துவிட்டார்.
ஹமூத் அவர் தலைக்கடியில் இரண்டு விரல் வைத்தார்,
பிறகு ஒரு விரல்,
பிறகு அதையும் எடுத்துவிட்டு
எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.
சாருக்குத் தெரியாது.
ஹமூதுக்குத் தமிழ் தெரியாது.
வானத்தைப் பார்த்து
"விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க" என்று
விட்டு நெடுநேரம் ஆனபின்னும்
சொல்லிக்கொண்டே மிதந்தார்.

இரண்டரைக்கு ஓரங்கள் மெலியத் தொடங்கின.
சோறு சாப்பிட்ட இடத்தில் கணுக்கால் நீர்.
பந்து விளையாடிய பையன்கள்
கோல் கம்பத்தை இரண்டு முறை உள்ளே தள்ளி நட்டார்கள்.
மூன்றாம் முறை
இரண்டு கோலும் முதுகோடு முதுகு ஒட்டின.
ஆட்டம் டிரா.
கடைசியாகக் குடையைப் பிடுங்கினோம்.
அது நின்ற குழியில் நீர் கீழிருந்து வந்தது.

படகிலிருந்து திரும்பிப் பார்த்தபோது
ஒரு நாரை மட்டும்
முழங்கால் ஆழத்தில், முகவரி தெரிந்ததுபோல்.

ஞாயிறு காலை முதல் ஆள், புது மாப்பிள்ளை.
தீவு மாதிரி ஏதாவது வேண்டுமாம்,
கட்டாயம் பார்க்க வேண்டியது எல்லாம் இருக்க வேண்டுமாம்.
தென்னைக்கு முன்னால் உட்கார்ந்து விலை சொல்கிறேன்.
ஃபோனை மறுகாதுக்கு மாற்றத் தலை சாய்த்தபோது
காதிலிருந்து கொஞ்சம் மணல்
கீபோர்டில், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே.

மணி எட்டேகால்.
அங்கே இன்னும் ஏற்றம் வடியவில்லை.
இந்த நேரத்தில் ஜராதாவில்
தண்ணீருக்கு மேலே இருப்பது
இவ்வளவுதான்.

ஏழை அழுத்தாமல்
மாப்பிள்ளைக்கு ஆறு பகல் போட்டேன்.